படகில் வந்த பைசன்களும் படகில் போன மனிதர்களும்

 

மகன் வீட்டுக்கு அமெரிக்கா வந்து மூன்று மாதம் ஆகிறது. "டீச்சர், டிஸ்னிலேண்ட் படம் போடுங்க" என்று கேட்டவர்களுக்குப் போன வாரமே போட்டுவிட்டேன். இன்று எழுதப்போவது வேறு. கலிபோர்னியா கரைக்கு எதிரே கேட்டலினா என்று ஒரு தீவு இருக்கிறது. அதன் மலைப்பகுதிக்குள் வழிகாட்டியோடு வனவிலங்கு பார்க்கப் போய்வந்தோம். பார்த்தது நான்கே நான்கு வகை விலங்கு. ஆனால் ஒவ்வொன்றும் அந்தத் தீவுக்கு எப்படி வந்தது என்று கேட்டுக்கொண்டே போனால், அது ஒரு பெரிய வரலாற்றுப் பாடமாக விரிகிறது. பதிவு நீளமாக இருக்கும். அஞ்சாப்பில் நாற்பது பேரைச் சத்தமில்லாமல் உட்கார வைத்தவள் நான். இப்போதும் கொஞ்ச நேரம் உட்காருங்கள்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். லாஸ் ஏஞ்சல்ஸ் கரையிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு. விசைப்படகில் ஒரு மணி நேரம். தீவின் நீளமும் சுமார் 35 கிலோமீட்டர்தான். அகலம் கூடிய இடத்தில் 13 கிலோமீட்டர், மேற்கே ஓரிடத்தில் ஒரு கிலோமீட்டர்கூட இல்லாமல் கழுத்து மாதிரி குறுகிவிடும். இந்தக் கழுத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். அவலான் என்று ஒரே ஒரு நகரம், நாலாயிரம் பேருக்குள். மிச்சமெல்லாம் மலை, பள்ளத்தாக்கு, புல், புதர். உயரமான சிகரம் சுமார் 2,100 அடி.

நம் இஷ்டத்துக்கு உள்ளே வண்டி ஓட்டிக்கொண்டு போக முடியாது. தீவின் 88 சதவீத நிலம், சுமார் 42,000 ஏக்கர், ஓர் அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது. சூயிங்கம் விற்றுப் பெரும் பணக்காரரான வில்லியம் ரிக்லி 1919-ல் இந்தத் தீவை விலைக்கு வாங்கினார். ஒரு தீவையே! அவர் பிள்ளைகள் காலத்தில் 1972-ல் கேட்டலினா தீவுக் காப்பு அறக்கட்டளையைத் தொடங்கி, 1975-ல் நிலத்தை அதன் பேருக்கு எழுதிக் கொடுத்தார்கள். கட்டடம் கட்டி விற்றிருந்தால் எத்தனை கோடி கிடைத்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அந்த ஒரு காரியத்துக்காக ரிக்லி குடும்பத்தை மெச்சத்தான் வேண்டும்.

ஆக, மேலே திறந்த ஜீப் போன்ற வண்டியில் ஏற்றிக்கொண்டு வழிகாட்டியே ஓட்டுவார். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் அதலபாதாளம், அதற்கும் கீழே நீலக்கடல். தார் கொஞ்ச தூரம்தான். பிறகு செம்மண் புழுதி. நம் கொல்லிமலைப் பாதையில் போனவர்களுக்கு வளைவுகள் பயம் தராது. ஆனால் இங்கே ஓரத்தில் தடுப்புச்சுவரும் கிடையாது. நான் பெரும்பாலும் மலைப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் பார்த்தது பைசன். முதுமலையிலும் கொடைக்கானலிலும் நாம் பார்க்கும் காட்டெருமை வேறு, இது வேறு. இது வட அமெரிக்கச் சமவெளியின் விலங்கு. திமிலும் தாடியும், முன்பக்கம் கம்பளி போர்த்தியது போன்ற மயிருமாக, பாதையின் குறுக்கே ஒன்று நின்றது. வழிகாட்டி வண்டியை நிறுத்தி எஞ்சினையும் அணைத்துவிட்டார். அது அசையவில்லை. நாங்களும் அசையவில்லை. பத்து நிமிடம் கழித்து அதுவாக மனம் வைத்து நகர்ந்தது.

சமவெளியின் விலங்குக்குக் கடல் நடுவே மலைத்தீவில் என்ன வேலை? சினிமாவுக்காக வந்தது! 1924-ல் ஹாலிவுட்காரர்கள் ஊமைப்படம் ஒன்றுக்காக 14 பைசன்களைப் படகில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். வேலை முடிந்ததும் திருப்பிக் கொண்டுபோகும் செலவை யோசித்து அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பிறகு ரிக்லி குடும்பமும் கொஞ்சம் வாங்கி விட்டது. மந்தை பெருகிப் பெருகி, ஒரு காலத்தில் ஐந்நூறைத் தாண்டிவிட்டது.

அந்தப் படம் எது என்பதில்தான் சுவாரசியம். 'தி வானிஷிங் அமெரிக்கன்' என்பதே ஊரில் வழங்கும் கதை. 1925-ல் வந்த படம். 'மறைந்துகொண்டிருக்கும் அமெரிக்கன்' என்று பொருள். மறைந்துகொண்டிருப்பவர் பூர்வகுடி அமெரிக்கர், அதாவது நம் பழைய புத்தகங்களில் செவ்விந்தியர் என்று எழுதியிருந்தோமே, அவர். கதை ஜேன் கிரே என்ற நாவலாசிரியருடையது. அவர் பிறகு அவலானிலேயே வீடு கட்டிக்கொண்டவர். ஆனால் படத்தைப் போட்டுப் பார்த்தவர்கள், அதில் பைசனும் இல்லை, கேட்டலினா போன்ற நிலப்பரப்பும் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். வேறு படமாக இருக்கலாம், எடுத்த காட்சி வெட்டப்பட்டும் இருக்கலாம். எப்படியோ, நடிக்க வந்த மாடுகள் திரையில் வரவில்லை, தீவில் தங்கிவிட்டன. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் படத்தின் நாயகன் பூர்வகுடி. அந்த வேடத்தில் நடித்தவர் ரிச்சர்ட் டிக்ஸ் என்ற வெள்ளைக்கார நடிகர்.

இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. பைசன் என்றால் அமெரிக்க வரலாற்றில் சாதாரண விலங்கு இல்லை. ஒரு காலத்தில் சமவெளியில் கோடிக்கணக்கில் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோலுக்காகவும் விளையாட்டுக்காகவும் சுட்டுத் தள்ளி, 1880-களின் முடிவில் ஆயிரத்துக்கும் கீழே கொண்டுவந்துவிட்டார்கள். அந்த மாட்டை நம்பி உண்டு, உடுத்து, கூடாரம் போட்டு வாழ்ந்த மக்களை அடக்குவதற்கும் அது வசதியாகப் போயிற்று. அந்த மக்கள் மறைவதைப் படமாக எடுக்க, மிஞ்சிய மாடுகளில் 14-ஐப் பிடித்து ஒரு தீவுக்குக் கொண்டுபோகிறார்கள். அந்தத் தீவிலோ அதன் பூர்வகுடி மக்கள் அதற்கு ஏறக்குறைய நூறு வருடத்துக்கு முன்பே இல்லாமல் போயிருந்தார்கள்.

அவர்களைப் பற்றிச் சொல்லத்தான் இந்தப் பதிவையே எழுத ஆரம்பித்தேன்.

தொங்வா மக்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் இருக்கும் நிலம் முழுக்க அவர்களுடையது. இந்தத் தீவுக்கு அவர்கள் வைத்த பெயர் பீமு. ஏழாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக இங்கே மனிதர் வாழ்ந்த தடயம் இருக்கிறது. கீழடியை விடப் பல ஆயிரம் ஆண்டு பழமை என்று என் மகன் சொன்னான். கீழடிக்கும் இதற்கும் போட்டி இல்லையப்பா என்றேன்; அது நகரம், இது மீன்பிடித்தும் கிழங்கு தோண்டியும் வாழ்ந்தவர்களின் குடியிருப்பு, இரண்டுக்கும் தனித்தனிப் பெருமை.

மலை உச்சியில் ஒரு சிறு விமான நிலையம் இருக்கிறது. இரண்டு குன்றுகளின் தலையைச் சீவி, நடுவில் இருந்த பள்ளத்தை நிரப்பிக் கட்டி, 1946-ல் திறந்தார்கள். கடல்மட்டத்திலிருந்து 1,602 அடி. அங்கே சிற்றுண்டிக்கு நிறுத்தினார்கள். பக்கத்திலேயே ஒரு நடைபாதை. கொஞ்ச தூரம் போனால் பெரிய சாம்பல் நிறப் பாறை. மேலே வட்ட வட்டமாகக் குழிவும் புடைப்பும். அருகே போய்த் தொட்டுப் பார்த்தேன். வழவழவென்று சோப்பு மாதிரி இருந்தது.

மாக்கல்! நம் வீட்டுக் கல்சட்டிக் கல்.

என் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதே இல்லை. வற்றல் குழம்பு கல்சட்டியில் வைத்தால்தான் குழம்பு. இறக்கி வைத்த பிறகும் கால் மணி நேரம் கொதித்துக்கொண்டே இருக்கும். சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நெருப்பில் எளிதில் வெடிக்காது, உளிக்கு இளக்கமாக இருக்கும். இதே குணங்களைக் கண்டுதான் தொங்வா மக்களும் பாறையிலேயே சட்டியின் வெளிவடிவத்தைச் செதுக்கி, கவிழ்த்து வைத்த பானை போல் ஆனதும் அடியில் தட்டிப் பெயர்த்தெடுத்து, பிறகு உட்புறத்தைக் குடைந்தார்கள். அவர்களிடம் இரும்பு கிடையாது. தன்னைவிடக் கடினமான கல்லை வைத்தே இந்தக் கல்லைச் செதுக்கினார்கள். பெயர்த்த இடத்தில் வட்டத் தழும்பு நிற்கிறது. பாதி செதுக்கிப் பெயர்க்காமலே விட்ட சட்டியும் ஒன்று இருந்தது. கையை அதன்மேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். வேலையை நிறுத்திவிட்டுப் போனவர் மறுநாள் வரலாம் என்றுதான் போயிருப்பார்.

அந்தச் சட்டிகள் கடல் கடந்து கரைக்குப் போய்ப் பண்டமாற்றில் வெகுதூரம் பரவின. கொண்டுபோனது தியாத் என்ற பலகைப் படகு. பலகைகளில் துளையிட்டு, நாரால் தைத்து, கசிந்து கிடைக்கும் தாரைக் காய்ச்சி இடுக்குகளை அடைத்துச் செய்வது. சோழமண்டலக் கரையிலும் ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் ஓடியது நினைவிருக்கும். இருவருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனால் இங்கும் அங்கும் கடலைப் பார்த்த மனிதருக்கு ஊசி நூல்தான் தோன்றியிருக்கிறது.

1542-ல் கப்ரீயோ என்ற மாலுமி ஸ்பெயின் கொடியோடு வந்து, தன் கப்பலின் பேரால் சான் சால்வடோர் என்று தீவுக்குப் பெயர் வைத்தார். 1602-ல் விஸ்காயினோ வந்தார். அது புனித கேத்தரின் திருநாளை ஒட்டிய நாள் என்பதால் சாந்தா கேட்டலினா என்று மாற்றினார். அங்கே வாழ்ந்தவர்களிடம் "உங்கள் ஊருக்கு என்ன பெயர்?" என்று கேட்டுப் பெயர் எழுதிக்கொள்ளும் வழக்கம் அவர்களிடம் இல்லை. அப்புறம் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1771-ல் கரையில் சான் கேப்ரியல் மிஷன் தொடங்கிய பிறகுதான் எல்லாம் தலைகீழானது. கரையில் இருந்த தொங்வா மக்கள் மிஷனுக்குள் கொண்டுபோகப்பட்டு, ஞானஸ்நானம் பெற்று, மிஷன் நிலங்களில் வேலை செய்தார்கள். பழைய பெயர் போய், மிஷன் பேராலேயே கேப்ரியலீனோ என்று அழைக்கப்பட்டார்கள். தீவின் சட்டியை வாங்க அக்கரையில் ஆள் இல்லாமல் போனது. இக்கரையிலோ கடல் நீர்நாயின் தோலுக்காக வந்த வேட்டைக் கப்பல்கள். கூடவே அம்மை முதலிய நோய்கள். மிஞ்சியவர்களும் அக்கரைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 1830-களுக்குள் பீமுவில் பீமுக்காரர் யாரும் வாழவில்லை.

இதை வழிகாட்டி நேர்மையாகத்தான் சொன்னார். ஆனால் நான்கு வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டார். பேத்தி என் காதருகே, "அப்பத்தா, மிருகத்தைப் பத்தி அவ்வளவு நேரம் சொன்னாரு, இவங்களைப் பத்தி ஏன் கொஞ்சமா சொல்றாரு?" என்று கேட்டாள். மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். நாம் வாங்கியது வனவிலங்குப் பயணச் சீட்டு என்று சமாதானம் சொன்னேன். அவள் முகத்தைப் பார்த்தால் ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஆள் இல்லாத தீவு பிறகு பத்திரம் பத்திரமாகக் கைமாறியது. 1846-ல் கலிபோர்னியா மெக்சிகோவிடமிருந்து அமெரிக்கா கைக்குப் போகும் கடைசி வாரங்களில், ஆளுநர் பியோ பிக்கோ இதை ஒரு கப்பல்காரருக்கு எழுதிக் கொடுத்தார். பிறகு வாங்கியவர்கள், விற்றவர்கள், ஆடு மேய்த்தவர்கள், வெள்ளி கிடைக்கும் என்று தோண்டி ஏமாந்தவர்கள் என்று ஒரு வரிசை. செம்மறியும் வெள்ளாடும் பெருகி மலையை மொட்டையடித்தன. பின்னால் வந்த பன்றி வேரைக் கிளறியது. ஆட்டையும் பன்றியையும் அறக்கட்டளை 1990-களில் தொடங்கிச் சில ஆண்டுகளில் சுட்டும் பிடித்தும் ஒழித்தது. பல ஆயிரம் உருப்படி.

இனி நரி. இது உண்மையிலேயே பார்த்து மகிழ வேண்டிய உயிர். வீட்டுப் பூனையை விடச் சிறியது, இரண்டு இரண்டரைக் கிலோ. சாம்பல் முதுகு, செங்காவிக் காது. விமான நிலைய வாசலில் எங்களைப் பார்த்துப் பயப்படாமல் உட்கார்ந்திருந்தது. இந்தக் கடலில் எட்டுத் தீவுகள் இருக்கின்றன; அதில் ஆறில் இந்த நரி உண்டு, ஒவ்வொரு தீவுக்கும் தனித்தனி வகை. கேட்டலினா வகை உலகில் வேறெங்கும் கிடையாது. 'மண்ணின் விலங்கு' என்று தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள்.

1999-ல் நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் நோய் தீவுக்குள் நுழைந்தது. படகில் ஒளிந்து வந்த ரக்கூன் ஒன்று கொண்டுவந்திருக்கலாம் என்கிறார்கள். சுமார் 1,300 நரிகள் இருந்த இடத்தில் ஓராண்டுக்குள் நூறைச் சுற்றித்தான் மிஞ்சின. தீவு ஒரு கழுத்தாகக் குறுகும் என்றேனே, அந்தக் கழுத்தைத் தாண்டி மேற்கே நோய் போகவில்லை. அந்தப் பக்கத்து நரிகளைப் பிடித்துத் தடுப்பூசி போட்டு, கூண்டில் இணை சேர்த்துக் குட்டி ஈன வைத்து, கிழக்கே கொண்டுவிட்டு, கழுத்தில் கருவி மாட்டிக் கண்காணித்து மீட்டிருக்கிறார்கள். இன்று பழைய எண்ணிக்கையைத் தாண்டிவிட்டது. அழிந்தே போகும் அபாயப் பட்டியலில் 2004-ல் சேர்த்த நரியை 2016-ல் ஒருபடி கீழே இறக்கியிருக்கிறார்கள். நம் ஊரில் சுகாதார ஊழியர்கள் வீடுவீடாகப் போய்ப் போலியோ சொட்டு மருந்து போட்டதற்கு ஒப்பான உழைப்பு இது. அதற்காகக் கிராமம் கிராமமாக அலைந்த ஆசிரியர்களில் நானும் ஒருத்தி என்பதால் எனக்கு அதன் அருமை தெரியும்.

சரி, இந்த நரி தீவுக்கு எப்படி வந்தது? வடக்கே உள்ள தீவுகளிலிருந்து கேட்டலினா போன்ற தெற்குத் தீவுகளுக்கு இதைக் கொண்டுவந்தவர்கள் பூர்வகுடி மக்களே என்பது ஆய்வாளர்கள் பொதுவாக ஏற்றிருக்கும் முடிவு. சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், பலகைப் படகில். ஆக, மண்ணின் விலங்கும் படகில் வந்ததுதான். கொண்டுவந்தவர்களுக்குத் தீவில் ஒரு வீடுகூட இல்லை. அவர்கள் கொண்டுவந்த நரி இருக்கிறது.

மூன்றாவது, வெண்தலைக் கழுகு. அமெரிக்க நாணயத்தில் இருக்கிறதே, அதே கழுகு. தூரத்துப் பாறையில் ஒன்று உட்கார்ந்திருந்தது, தொலைநோக்கியில் காட்டினார்கள். இந்தக் கதையில் நமக்கும் பங்கு உண்டு. நம் சிறுவயதில் மலேரியா ஒழிப்புக்காரர்கள் வந்து வீட்டுச் சுவரில் டிடிடி அடித்து, வாசல் சுவரில் தேதி எழுதிவிட்டுப் போவார்களே! மருந்து வாசம் அடங்க இரண்டு நாள் ஆகும். அந்த மருந்து கோடிக்கணக்கான உயிரைக் காப்பாற்றியது, அதை மறக்கக்கூடாது. ஆனால் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் அதைத் தயாரித்த மான்ட்ரோஸ் என்ற ஆலை பல ஆண்டுகள் கழிவைச் சாக்கடை வழியாகக் கடலில் விட்டது. கேட்டலினாவுக்கும் கரைக்கும் நடுவே கடலிலும் அதன் கழிவு கொட்டப்பட்டது. கழிவிலிருந்து மீனுக்கு, மீனிலிருந்து கழுகுக்கு. கழுகு சாகவில்லை, அதன் முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்க உட்கார்ந்தால் தாயின் பாரத்திலேயே நொறுங்கியது. தீவில் கழுகே இல்லாமல் போய்விட்டது.

1972-ல் அமெரிக்கா டிடிடியைத் தடை செய்தது. 1980-ல் வெளியிலிருந்து கழுகுக் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அவை வளர்ந்து முட்டையும் இட்டன. ஆனால் கடலடியில் விஷம் அப்படியே கிடந்ததால் அதே கதி. அதனால் ஆய்வாளர்கள் கூட்டிலிருந்து முட்டையை எடுத்துவிட்டு, போலி முட்டையை வைத்து, உண்மை முட்டையைப் பொரிப்பானில் பொரித்து, குஞ்சைத் திரும்பக் கொண்டுபோய்க் கூட்டில் வைத்தார்கள். செங்குத்துப் பாறையில், ஆண்டுதோறும். 2007-ல்தான் மனிதர் கை படாமல் தாய்ப்பறவை தானே குஞ்சு பொரித்தது. இருபத்தேழு வருடம்! ஒரு ஆசிரியரின் பணிக்காலத்துக்குச் சற்றே குறைவு.

கடைசியாக மான். கழுதைக்காது மான் என்று சொல்லலாம், காது அவ்வளவு பெரிது. வேட்டையாடுகிறவர்களுக்காக 1930-களை ஒட்டிக் கரையிலிருந்து கொண்டுவந்து விட்டது. அதைத் தின்னும் சிங்கமோ ஓநாயோ இங்கே இல்லை. இப்போது சுமார் 2,000 என்கிறார்கள். 2007-ல் பெரிய தீ பிடித்து 4,700 ஏக்கர் எரிந்தபோது, மறுபடி துளிர்த்த செடிகளை மான் கடித்துக்கொண்டே இருந்ததால் புதர்கள் எழவில்லை, அந்த இடத்தை எளிதில் தீப்பற்றும் வெளிநாட்டுப் புல் பிடித்துக்கொண்டது என்பது அறக்கட்டளையின் வாதம். 2023-ல் ஹெலிகாப்டரிலிருந்து சுட்டு எல்லா மானையும் ஒழிக்கத் திட்டம் போட்டார்கள். ஊர்மக்கள், வேட்டைக்காரர், விலங்கு நேயர் என்று எதிரும் புதிருமானவர்கள் எல்லாம் ஒன்றுசேர்ந்து எதிர்த்ததில், 2024-ல் ஹெலிகாப்டரைக் கைவிட்டார்கள். மானே இல்லாத தீவு என்ற குறிக்கோளைக் கைவிடவில்லை.

எங்கள் வண்டியிலேயே இதற்கு இரண்டு கட்சி. எனக்கு ராமநாதபுரம் நினைவுதான் வந்தது. சீமைக் கருவேலமும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். அதை வெட்டு என்று ஒருபக்கம், விறகும் கரியும் கொடுத்து அடுப்பெரிய வைத்தது அதுதானே என்று இன்னொரு பக்கம். வேரோடு பிடுங்க வேண்டும் என்கிற கட்சியில்தான் நான் எப்போதும் இருந்திருக்கிறேன். இங்கேயும் அறக்கட்டளை சொல்வதில் நியாயம் இருப்பதாகவே படுகிறது. செடி செத்தால் மலை மண் கடலுக்குப் போய்விடும். அப்போது மானும் வாழாது.

ஆனால் ஒன்று கேட்கத் தோன்றியது, கேட்டும்விட்டேன், மகன் மொழிபெயர்த்தான். ஆடு போயிற்று, பன்றி போயிற்று, மானும் போக வேண்டும் என்கிறீர்கள். பைசனும் வந்ததுதானே, அது மட்டும் ஏன் இருக்கிறது?

வழிகாட்டி சிரித்தார். மறைக்காமல் சொன்னார். பைசனும் தீவுக்குச் சுமைதான் என்று அறக்கட்டளைக்குத் தெரியும். 150-க்கு மேல் தாங்காது என்று ஆய்வு சொன்ன பிறகு, 2004-ல் சுமார் நூறு பைசன்களைத் தெற்கு டகோட்டாவில் லகோட்டா பூர்வகுடி மக்களின் நிலத்துக்கு அனுப்பினார்கள். சினிமாவுக்காகப் பிடித்துவந்த மாட்டின் சந்ததி, அந்த மாட்டோடு வாழ்ந்தவர்களின் சந்ததியிடம் எண்பது வருடம் கழித்துப் போய்ச் சேர்ந்தது. 2009-ல் பெண் பைசன்களுக்குக் கருத்தடை ஊசி போடத் தொடங்கினார்கள். மரபணுவைப் பார்த்தால் கிட்டத்தட்ட பாதிப் பைசன்களுக்கு வீட்டுமாட்டுக் கலப்பும் உண்டு. ஆக, காட்டுவிலங்கு என்று முழுதாகச் சொல்லவும் முடியாது. ஆனாலும் வைத்திருக்கிறார்கள். காரணம், பார்க்க வருகிறவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள். கடைகளில் பனியன், கோப்பை, பொம்மை எல்லாவற்றிலும் அதுதான். ஆட்டுக்கும் பன்றிக்கும் ரசிகர் மன்றம் இல்லை. இது என் சொல், அவருடையது இல்லை.

தொங்வா மக்கள் முற்றிலும் அழிந்துவிட்டதாக நினைத்துவிடாதீர்கள். பழைய பாடப்புத்தகங்கள் செய்யும் தப்பு அது. அவர்கள் சந்ததியார் லாஸ் ஏஞ்சல்ஸிலும் சுற்றுப்புறத்திலும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். 1994-ல் கலிபோர்னியா சட்டமன்றம் அவர்களை அந்த நிலத்தின் பூர்வகுடி என்று தீர்மானம் போட்டு ஏற்றது. வாஷிங்டனில் இருக்கும் மத்திய அரசின் அங்கீகாரம் இன்றுவரை இல்லை. நரிக்கு மத்திய அரசின் பட்டியலில் இடம் இருக்கிறது. நரியைக் கொண்டுவந்தவர்களுக்கு இல்லை. 1990-களில் அவர்களே முயன்று தியாத் படகை மறுபடியும் கட்டினார்கள். பலகையைத் தைத்து, தார் அடைத்து, கடலில் இறக்கித் துடுப்புப் போட்டார்கள்.

கீழே ஆறு படம் போட்டிருக்கிறேன். முதலாவது, பாதையை மறித்த பைசன். மூன்றாவதில் நரி, மகன் எடுத்தது. கழுகு என் போனில் புள்ளியாகத்தான் விழுந்திருக்கிறது, தேடிப் பாருங்கள். கடைசிப் படம் அந்தப் பாறை. நடுவில் வட்டமாகப் புடைத்திருப்பதுதான் பெயர்க்காமல் விட்ட சட்டி, மேலே இருப்பது என் கை. வீட்டில் பழைய கல்சட்டி வைத்திருப்பவர்கள் படம் எடுத்துக் கருத்துப் பகுதியில் போடுங்கள். பேத்திக்குக் காட்ட வேண்டும்.